தீர்ந்தது

தலைப்பு நன்றாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். நேற்று உங்கள் எழுத்தர் என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டு வந்தார். மேலே 'மேற்படி சம்பவம் தொடர்பாக' என்று போட்டிருந்தார். எந்தச் சம்பவம், யாருக்கு நேர்ந்தது, ஒருவர் இதை எதற்காக மேற்கொண்டு படிக்க வேண்டும், ஒன்றுமே அதில் இல்லை. உள்ளே முதல் வாக்கியம் ஒரு பக்கம் முழுக்க ஓடி, கடைசியில் 'என்று கூறினார்' என்று வந்து மூச்சு வாங்கியது. அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர், எனக்குத் தேநீர்கூட வாங்கித் தந்தார். ஆனால் என் பெயரில் அப்படி ஒரு தாள் வெளியே போவதை என்னால் ஏற்க முடியாது. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நீங்களும் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தீர்கள், சார்.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது புரியும். மாத்திரைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல மடிப்பாக மடித்த மெல்லிய தாள் ஒன்று இருக்குமே, அதை எழுதுகிறவன் நான். மாத்திரை எந்த நோய்க்கு, எப்படிச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் வேறு என்னென்ன தொந்தரவு வரலாம், யார் தொடவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு மருந்து நிறுவனத்தில், ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துச் சுவர் மட்டுமே தெரிகிற ஓர் அறையில் உட்கார்ந்து, அந்தத் தாள்களைச் சொல் சொல்லாக இழைத்திருக்கிறேன். 'மயக்கம்' என்று எழுதுவதா, 'கிறுகிறுப்பு' என்று எழுதுவதா, 'தலைசுற்றல்' என்று எழுதுவதா என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. மூன்றும் ஒன்றல்ல. ஆனால் பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் முதலில் செய்வது அந்தத் தாளை உருவிக் குப்பையில் போடுவதுதான். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் அக்காவும் அப்படித்தான். பெற்றவர்கள் போன பிறகு என்னை வளர்த்து, படிக்கவைத்து, ஆளாக்கியவள் அவள். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. கீழே தெருவைப் பார்த்த அறையில் அவளுடைய ஜெராக்ஸ் கடை, மாடியில் நாங்கள் இருவரும். நான் எழுதி அச்சாகி வந்த தாளை ஆசையாகக் கொண்டுபோய் நீட்டினால், அதை இன்னும் இரண்டு மடிப்பு மடித்து, ஆடுகிற மேசையின் காலுக்கு முட்டுக் கொடுப்பாள். "இவ்வளவு பொடி எழுத்துல எழுதுனா எறும்புதான்டா படிக்கும். அதுக்கும் கண்ணாடி வேணும்" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். கடைக்கு வருகிறவர்களிடம், "எல்லா வீட்டு மருந்து டப்பாலயும் என் தம்பி எழுதுனதுதான் இருக்கு" என்று என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் செய்வாள். ஆனால் ஒரு தாளைக்கூட அவள் படித்ததில்லை.

பிறகு அக்காவுக்கு உண்மையாகவே உடம்பு சரியில்லாமல் போயிற்று. இந்த 'உண்மையாகவே' என்ற சொல்லை உங்கள் எழுத்தர் விட்டுவிட்டார். அது முக்கியம். அக்கா கடையில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தவள் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்து சரிந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் தரையில் கிடந்தாள், இயந்திரம் பாட்டுக்குத் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. ஒரு தாளில் அவள் கன்னம் பிரதியாகியிருந்தது. மருத்துவமனையில் இந்தச் சோதனை, அந்தச் சோதனை என்று அலைக்கழித்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், தலை வாரிவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று நர்ஸ் சொன்னார். வேண்டுமானால் அவரையே கேளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் துணையிருப்போர் மன்றத்தைக் கண்டுபிடித்தேன். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடிப் பேசுகிற இடம். யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை, ஒரு புனைபெயர் வைத்துக்கொள்கிறார்கள். நான் 'இளையவன்' என்று வைத்துக்கொண்டேன். ஒருவர் ஒரு விஷயத்தைத் தொடங்கி, மற்றவர்கள் அதன் கீழே பதில் எழுதிக்கொண்டே போவதற்கு அங்கே 'திரி' என்று பெயர். என் முதல் திரிக்கு 'நோயாளியின் நிலை குறித்து' என்று தலைப்பு வைத்தேன். அறிகுறிகளை வரிசையாகப் போட்டு, மாத்திரைத் தாள் மாதிரியே எழுதியிருந்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் 'ஓட்டைக்குடை' என்று ஓர் அம்மா, படுத்த படுக்கையான கணவரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர், ஒரே ஒரு வரி எழுதினார். "எல்லாம் சொன்னீங்க தம்பி, உங்க அக்கா எப்படி இருப்பாங்கன்னு சொல்லவே இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த ஒரு வரியில் நான் கற்றுக்கொண்டது என் தொழிலில் அதுவரை யாரும் சொல்லித்தராதது. மறுநாளே எழுதினேன். தலைப்பு: 'அக்கா என்னைப் பார்த்து எத்தனை காப்பி வேணும் என்று கேட்டாள்'. அன்று காய்ச்சலில் அவள் அப்படித்தான் கேட்டாள், என்னைக் கடைக்கு வந்தவன் என்று நினைத்துக்கொண்டு. நான் இரண்டு என்றேன். அவளும் படுக்கை விரிப்பைக் கையால் நீவி, மடித்து, என்னிடம் தந்தாள். அவ்வளவுதான் பதிவு. சாயங்காலத்துக்குள் மன்றமே அங்கே கூடிவிட்டது.

நல்ல பதிவு என்பது வேறொன்றுமில்லை, சார். திரியின் பட்டியலில் முதல் இரண்டு வரிதான் வெளியே தெரியும், ஆகவே விஷயம் அங்கேயே வந்துவிட வேண்டும். ஒரு பதிவில் ஒரு சம்பவம் போதும். பத்தி சின்னதாக இருக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் ஒரு கையில் மருந்துக் கரண்டியோடுதான் படிக்கிறார்கள். அழுகையை நாம் எழுதக் கூடாது, அது அவர்கள் வேலை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் படித்தவர் பதில் எழுத வழி இருக்காது. 'உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் ஊமையும் வாய் திறப்பார்.

என் எழுத்தை முதல் முறையாக ஆட்கள் படித்தார்கள். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் வந்து அக்கா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார்கள். 'உங்கள் அக்காவைப் பற்றி என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன், அவருக்குப் பேச்சு வராது, ஆனால் கண்ணை மூடித் திறந்தார்' என்று ஓட்டைக்குடை அம்மா எழுதியபோது நான் அழுதேன். அதை ஒளிக்க ஒன்றுமில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வழக்கில் எல்லாமே அதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒருவருடைய பிரச்சினை முடிந்துவிட்டால் மன்றத்தை மேற்பார்க்கிற நெறியாளர் வந்து, திரியின் தலைப்புக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை ஒட்டுவார். பட்டையில் 'தீர்ந்தது' என்று இருக்கும். ஒட்டியதும் திரி பூட்டப்பட்டுவிடும். அதற்குப் பிறகு யாரும் அதில் ஒரு வரிகூட எழுத முடியாது.

மருத்துவர் ஏதோ ஒரு மாத்திரையை மாற்றினார், அக்கா தேறிவிட்டாள். அவ்வளவு சுலபமாக. ஒரு நாள் காலை கீழே கடை ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: 'அக்கா இன்று கடையைத் திறந்தாள்'. ஒரே வாழ்த்து மழை. மதியம் போய்ப் பார்த்தால் பச்சைப் பட்டை விழுந்திருந்தது.

மறுநாள் யாரும் என்னைத் தேடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஓட்டைக்குடை அம்மா வேறொருவருடைய மாமனாருக்காக உருகிக்கொண்டிருந்தார். அந்த மாமனார் திரி எவ்வளவு மோசமாக எழுதப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லி மாளாது, பத்தி பிரிக்கவே இல்லை. நான் ஒரு புதுத் திரி தொடங்கினேன், நோயாளி எழுந்த பிறகு வீட்டில் கவியும் வெறுமையைப் பற்றி. ஈ ஓட்டினேன். கீழே அக்கா வாடிக்கையாளர்களோடு சிரித்துப் பேசுவது மாடிக்குக் கேட்டது. எனக்குக் கடுப்பாக இருந்தது என்று சொல்லமாட்டேன். யாரோ போய்ச் சேர்ந்துவிட்ட வீடு மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வேறொருவனாக இருந்தால் பொய் எழுதியிருப்பான். அக்காவுக்கு மறுபடி சரியில்லை என்று நாலு வரி அடித்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மன்றத்தில் அப்படிக் கதை அளந்து பிடிபட்டவர்களும் உண்டு. ஆனால் நான் எழுதிய ஒரு தாளிலும், ஒரு பதிவிலும் உண்மையில்லாத ஒரு வரி கிடையாது. படிக்கிறவர்கள் நம்பி வருகிறார்கள், அவர்களை ஏமாற்றுவது எனக்கு அருவருப்பான விஷயம். ஆகவே எழுதுவது உண்மையாக இருப்பதற்கு என்ன வேண்டுமோ அதைச் செய்தேன்.

எந்த மாத்திரை என்பதை உங்கள் ஆய்வகம் சொல்லிவிடும். நான் தாள் எழுதிக் கொடுத்த மாத்திரைதான். 'தலைசுற்றல், நடையில் தடுமாற்றம், பேச்சுக் குழறல் ஏற்படலாம்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். சொன்னது சொன்னபடி நடந்தது. இத்தனை வருஷமாக என் தாளை யாரும் படிக்காமல் போனதற்கு அந்தத் தாள் காரணமில்லை என்று அன்றைக்குத்தான் உறுதியாகத் தெரிந்தது, வரிக்கு வரி அவ்வளவு துல்லியம். நெறியாளருக்கு எழுதினேன், பட்டையை எடுத்துத் திரியைத் திறந்துவிட்டார். எல்லோரும் திரும்பி வந்தார்கள். மாமனாரை அப்படியே விட்டுவிட்டு ஓட்டைக்குடை அம்மாதான் முதலில் வந்தார்.

அக்கா மறுபடி படுத்தாள். நான் மறுபடி தலை வாரிவிட்டேன். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னடா பண்ணுவேன்" என்றாள், நாக்குக் குழறியபடி. அதை அப்படியே குழறலோடு எழுதினேன். நன்றாக வந்தது.

முன்கூட்டியே எழுதிவைப்பீர்களா என்று நேற்று கேட்டீர்கள். ஆமாம். தயாரிப்பு இல்லாமல் நல்ல பதிவு வராது. நடந்த பிறகு பதற்றத்தில் எழுதினால் சொல் தடுக்கிவிழும். ஆகவே முதலில் வரைவை எழுதிவிடுவேன், ஒரு நாள் ஆறப்போட்டு, வேண்டாததை வெட்டி, செதுக்கி வைப்பேன். பிறகு அது நடக்கும். ஒரு முறை, அக்கா மாடிப்படியில் தடுமாறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது என்று வரைவில் எழுதியிருந்தேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது மணிக்கட்டு அதிகப்படியாகத் தெரிந்தது, உணர்ச்சியைப் பிழிகிற மாதிரி. அந்த வரியை எடுத்துவிட்டேன். படியில் விழுவதையும் கட்டிலோரம் தடுமாறுவதாக மாற்றினேன். அதனால் அக்காவின் மணிக்கட்டு இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. நான் எழுதுவதில் அவள்மேல் எனக்கு எவ்வளவு அக்கறை இருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எந்தத் திரியும் ஒரு கட்டத்தில் சலித்துத்தான் போகிறது. அக்கா தேறுவாள், விழுவாள், தேறுவாள். வருகிறவர்கள் 'கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் எழுதிவிட்டுக் கழன்றுகொண்டார்கள். நெறியாளர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினார். "இளையவன், தப்பா நினைக்காதீங்க, உங்க திரி இழுத்துக்கிட்டே போகுது. ஒரு முடிவு தெரிஞ்சா பட்டை போட்டுடலாம்."

பட்டை விழ நான் விடுவதாக இல்லை. பச்சை விழாமல் ஒரு திரி பிழைக்க வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று மன்றத்தின் விதிகளை முழுவதும் படித்தேன். விதிகளை யாரும் படிப்பதில்லை, அவற்றின் நிலைமையும் என் தாள் மாதிரிதான். அங்கே ஓரிடத்தில் இருந்தது. நோயாளி இறந்துவிட்டால் அந்தத் திரி 'நினைவறை' என்ற பகுதிக்கு மாற்றப்படும். நினைவறைத் திரிகளுக்குப் பட்டை கிடையாது. அவை பூட்டப்படுவதே இல்லை. போய்ப் பார்த்தேன். என்றைக்கோ போனவர்களின் திரிகளில் இன்றைக்கும் ஆட்கள் வந்து இரண்டு வரி எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அக்காவுக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்றும் நினைத்தேன், சார். ஜெராக்ஸ் கடையில் நின்று நின்றே தேய்ந்தவள். அவளைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? நினைவறையில் அவள் எப்போதும் இருப்பாள்.

அக்காவுக்கு விடைகொடுக்கும் பதிவை எழுதி முடிக்க வெகுநாள் பிடித்தது. என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீடு முழுக்க அதைத் தேடுவது, மீந்த தாள்களின் பின்பக்கத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அதில் வந்தது. 'பாலில் ஆடை படிந்துவிட்டால் அக்கா அந்தத் தம்ளரையே தொடமாட்டாள், கடைசிவரை அந்தப் பிடிவாதம் போகவில்லை' என்று ஒரு வரி. அந்த வரியைப் பிற்பாடு பலர் எடுத்துப் போட்டு அழுதிருந்தார்கள். 'நான் வெளியே போய்த் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது' என்று கடைசி வரி.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில்தான் மன்றத்தில் கூட்டம் அதிகம். பதிவு தானாக வெளியாகும்படி நேரம் குறித்துவைக்க அங்கே வசதி உண்டு. குறித்துவைத்தேன். மதியம் பாலைக் காய்ச்சி, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, அக்காவின் கட்டிலருகே வைத்துவிட்டு, "சூடா இருக்கு, ஆறுனதும் குடிச்சிடு" என்றேன். அன்று அவள் சற்றுத் தெளிவாக இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தபோது கட்டிலில் இல்லை. தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. குடித்துவிட்டுக் குளியலறைக்குப் போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வெளியே போய்த் திரும்பினேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது பொய்யாகிவிடக் கூடாதே. செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன்.

பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். பதிவு வெளியாகியிருந்தது. இப்படி ஒரு வரவேற்பை நான் கனவில்கூட நினைத்ததில்லை. பதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இதுவரை வாயே திறக்காதவர்கள், படிக்க மட்டுமே வந்துகொண்டிருந்தவர்கள், அன்று எழுதினார்கள். ஓட்டைக்குடை அம்மா மட்டும் எழுதவில்லை. எனக்கு அது கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது.

அவர் பேருந்தில் வந்துகொண்டிருந்தார். எங்கள் ஊர்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கணவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பூங்கொத்து ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நான் முகவரி எங்கும் கொடுத்ததில்லை. ஆனால் எதிரே ஒரு முள் மட்டும் ஓடுகிற கடிகாரக் கடை இருப்பதை எழுதியிருந்தேன். முனையில் சாய்ந்து நிற்கும் தபால்பெட்டி, எங்கள் ஷட்டரில் பாதி உரிந்த நீலப் பெயிண்ட், எல்லாமே பதிவுகளில் இருந்தன. விசாரிக்கவே தேவைப்படவில்லை, நேராக வந்துவிட்டேன் என்று அவர் சொன்னதாகக் கேள்வி. அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன்.

மேலே நடந்தது இவ்வளவுதான். அக்கா பாலை எடுத்திருக்கிறாள், ஆடை படிந்திருந்தது, தொட்டியில் கொட்டிவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நான் கிளம்பிப் போன பிறகு கீழே யாரோ ஷட்டரைத் தட்டவும், அவசரமாக ஏதோ பிரதி வேண்டும் என்று கேட்கவும், சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய்க் கடையைத் திறந்துவிட்டாள். பிரதி வாங்கியவர் போன பிறகு கதவோரம் பூங்கொத்தும் அழுத கண்ணுமாக ஓட்டைக்குடை அம்மா.

"எத்தனை காப்பி வேணும்?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்லைங்க, இங்க இருந்தாங்களே, ஜெராக்ஸ் கடை அக்கா. இன்னிக்கு இறந்துட்டாங்களாமே."

"ஜெராக்ஸ் கடை அக்கா நான்தாங்க. யாரு செத்தது?"

நான் திரும்பி வந்தபோது இருவரும் கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் பூங்கொத்து. அக்கா கண்ணாடியைச் சரியாக மூக்கில் மாட்டிக்கொண்டு, அந்த அம்மாவின் போனில் என் திரியைப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் பதிவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக. நான் வாசலிலேயே நின்றேன். கடைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவள் நிமிரவே இல்லை. என் எழுத்தை என் அக்கா படிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கே நிறுத்துகிறாள், எங்கே திரும்பப் படிக்கிறாள் என்று கவனித்தபடி நின்றேன். கட்டிலோரம் தடுமாறிய பதிவில் வெகுநேரம் நின்றாள்.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பால்ல என்னடா போட்ட?"

சொன்னேன். அவளிடமும் நான் பொய் சொன்னதில்லை.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. போனை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "படிக்கறதுக்கு ஆள் வேணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. நான் படிச்சிருப்பேனே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது என்றால் அந்த ஓர் இடத்தில்தான். எத்தனை தாளை மேசைக் காலுக்கு வைத்தவள் அவள். இதற்குள் ஓட்டைக்குடை அம்மா உங்கள் நிலையத்துக்குப் போன் பண்ணிவிட்டார். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

உங்களை வளர்த்தவங்களைப் போய் ஏன் சார் என்று உங்கள் எழுத்தர் கேட்டார். ஓர் ஆளை முழுமையாகத் தெரிந்திருந்தால்தான் நன்றாக எழுத முடியும். அக்காவைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்?

ஆகவே சட்டத்துக்கு வேண்டிய வாக்கியத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன், குழப்பம் வேண்டாம். அக்காவுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தது நான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொல்வதற்காகப் பாலில் மாத்திரை கலந்ததும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. ஒரு சம்பவம், ஒரு பத்தி.

இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. நேற்று மாலை உங்கள் போனில் ஒன்றைக் காட்டினீர்களே, மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அக்கா மன்றத்தில் எழுதியிருந்ததை. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டைக்குடை அம்மா அவளை மன்றத்தில் சேர்த்துவிட்டிருக்கிறார். தலைப்பு 'வணக்கம்'. வணக்கம் என்று யாராவது தலைப்பு வைப்பார்களா, சார்? உள்ளே இருந்தது இவ்வளவுதான், எனக்கு மனப்பாடமாகிவிட்டது:

'நான் தான் அந்த அக்கா உயிரோட தான் இருக்கேன் தம்பி தான் மாத்திரை குடுத்து படுக்க வச்சான் பால்ல கலந்து கொல்ல பாத்தான் ஆடை இருந்துச்சு குடிக்கல. எல்லாரும் எனக்காக அழுதிங்களாம் ரொம்ப நன்றி. அவனுக்கு நல்லா எழுத வரும் அத மட்டும் சொல்லனும். டாக்டர் விட்டதும் கடை திறப்பேன்'

ஒரு கமா கிடையாது. பத்தி கிடையாது. 'சொல்லணும்' என்பதற்கு ணகரம்கூடச் சரியாக இல்லை. கடைசியில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனால் கீழே வந்து குவிந்த பதில்களை நீங்களே விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினீர்கள், முடியவே இல்லை. என் திரிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாலும் அதில் பாதி தேறாது. எனக்கு வயிற்றெரிச்சல் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை, சார். அவளுக்கு நல்ல வரவேற்பு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் என்னிடம் காட்டியிருந்தால் ஒழுங்குபடுத்திக் கொடுத்திருப்பேன்.

என் மனக்குறை வேறு. நீங்கள் போனை மூடப்போகும்போது கவனித்தேன். என் பழைய திரியை நினைவறையிலிருந்து எடுத்துத் திரும்பப் பழைய இடத்திலேயே போட்டிருந்தார்கள். பக்கத்தில் பச்சைப் பட்டை. பூட்டும் தொங்கியது. நெறியாளருக்கு உங்கள் நிலையத்திலிருந்து ஒரு வரி எழுதினால் புண்ணியமாகப் போகும். விதி தெரிந்தவர் அவர், அவரே இப்படி அவசரப்பட்டால் என்ன செய்வது? ஆள் இன்னும் உயிரோடுதானே இருக்கிறாள், அதற்குள் எப்படித் தீர்ந்தது என்று போடலாம்?